கீல் மூட்டு என்கிறார்கள், கீலுக்கு ஆணி எங்கே?

உளிச்சத்தம் (பொள்ளாச்சி)
திங்கள், இரவு 9.40

வணக்கம். 22 வருடமாகக் கதவு, ஜன்னல், சமையலறை அலமாரி வேலை செய்கிறேன். என் கை வழியாகப் போன கீல்களுக்குக் கணக்கில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்து இடது முழங்கையின் நுனி உடைந்தது. கம்பி போட்டுக் கட்டினார்கள், எலும்பு கூடிவிட்டது. ஆனால் கை முழுசாக நீளவில்லை. மடக்கினால் நன்றாக மடங்குகிறது. நீட்டும்போது கடைசியில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. சாய்மட்டத்தை (எந்தக் கோணத்துக்கும் திருப்பிப் பிடிக்கிற தச்சுக் கருவி) கையில் வைத்துப் பிடித்து, அதைக் கோணமானியில் பார்த்தேன். நேராவதற்கு 24 டிகிரி பாக்கி.

பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் "முழங்கையும் முழங்காலும் கீல் மூட்டு, கதவு மாதிரி" என்றார். மகளின் பாடப்புத்தகத்திலும் அதேதான் போட்டிருக்கிறது. கீல் என்றால் எனக்குத் தெரியும். இரண்டு தகடு, நடுவில் ஒரு ஆணி. ஆணியை உருவினால் கதவு கையோடு வந்துவிடும். என் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவோ நேரம் பார்த்தேன். டாக்டர் போட்ட கம்பி தெரிகிறது, ஆணி மாதிரி ஒன்றும் இல்லை. அப்படியானால் எதைச் சுற்றித் திரும்புகிறது? பக்கவாட்டில் ஏன் நழுவவில்லை?

இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, வலது முட்டியை மாற்றப்போகிறார்கள். வைக்கப்போகும் மாதிரியை டாக்டர் காட்டினார். மேலே ஒரு உலோகத் துண்டு, கீழே ஒரு உலோகத் துண்டு, நடுவில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இணைக்க ஒன்றுமே இல்லை! கீல் மூட்டை எடுத்துவிட்டுக் கீலே இல்லாத ஒன்றை எப்படி வைக்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் இதைக் கேட்க நேரம் கிடைக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வகுப்பறை வாசம் (திண்டுக்கல்)
திங்கள், இரவு 10.25

தம்பி, 31 வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவள் நான். எந்தப் பிள்ளையும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த நாளே கறிக்கடைக்குப் போயிருப்பேன்.

நீங்கள் போய்ப் பாருங்கள். ஆட்டின் முன்னங்காலை மூட்டில் வெட்டாமல் முழுசாகத் தரச் சொல்லுங்கள். சதையைச் சுரண்டி எடுத்ததும் வெள்ளையாக ஒரு பை மூட்டைச் சுற்றி இருக்கும். அதைக் கீறினால் முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று கொஞ்சம் நீர் வரும். மூட்டுக்கு எண்ணெய் அதுதான். உள்ளே மேல் எலும்பின் முனையைப் பாருங்கள். கிணற்றுக் கப்பியைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும், நடுவில் பள்ளம், இரு பக்கமும் மேடு. கீழ் எலும்பில் அந்தக் கப்பியைக் கவ்விப்பிடிக்கிற ஒரு பிறை, அதன் நடுவில் ஒரு வரப்பு. வரப்பு பள்ளத்தில் உட்காருகிறது. மடக்குங்கள், நீட்டுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், மயிரிழை கூட நகராது.

ஆணி செய்கிற வேலையை இங்கே வடிவமே செய்துவிடுகிறது. எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு கப்பியின் நடுவே போகிறது. அதைத் தொட்டுக் காட்ட முடியாது, அவ்வளவுதான். மேல் எலும்பை மருத்துவர்கள் ஹியூமரஸ் என்பார்கள், கீழே கவ்வுவது அல்னா. அந்தக் கப்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டிராக்ளியா, அதற்கு அர்த்தமே கப்பிதான்.

அடுத்து பக்கவாட்டு நார்களைப் பாருங்கள். இரு பக்கமும் உறுதியான ஜவ்வுப் பட்டைகள் இருக்கும். அவை அந்த அச்சின் முனையை ஒட்டித்தான் தொடங்குகின்றன. அதனால் கை மடங்கினாலும் நீண்டாலும் அவற்றின் இறுக்கம் பெரிதாக மாறாது. முன்னும் பின்னும் இருக்கிற பை மட்டும் மெல்லியது, மடிப்பு மடிப்பாகத் தளர்ந்திருக்கும். அது தளர்வாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

ஒரு வித்தியாசம். ஆட்டுக்கு முன்கை எலும்பு இரண்டும் ஒட்டிப் போயிருக்கும், நமக்குத் தனித்தனி. அந்தக் கதை அப்புறம்.

நடைபழகு (மதுரை)
செவ்வாய், காலை 6.50

நான் பிசியோதெரபிஸ்ட். டீச்சர் சொன்னதை அண்ணாவின் கையில் வைத்துச் சொல்கிறேன்.

கீழ் எலும்பின் அந்தக் கவ்விக்குப் பின்னால் நீண்டிருக்கிற அலகுதான் நாம் மேசையில் ஊன்றுகிற முழங்கை நுனி. கை நேராகும்போது அந்த அலகு, மேல் எலும்பின் பின்பக்கம் இருக்கிற ஒரு குழிக்குள் போய் உட்கார வேண்டும். கதவைச் சாத்தும்போது தாழ்ப்பாள் குழியில் இறங்குகிற மாதிரி. உங்களுக்கு உடைந்தது அந்த அலகேதான்.

கடைசி 24 டிகிரி வராததற்குக் காரணம் ஒன்றாக இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். பின்குழியில் தழும்பு வளர்ந்திருக்கலாம், கம்பி நுனி இடிக்கலாம், முன்பக்கத்துப் பையின் மடிப்புகள் தடித்துச் சுருங்கியிருக்கலாம். கட்டுப் போட்டு மடக்கியே வைத்திருந்த கையில் இந்தக் கடைசி விஷயம்தான் நான் அதிகம் பார்ப்பது. உடம்பிலேயே சீக்கிரம் இறுகிப் போகிற மூட்டுகளில் முழங்கையும் ஒன்று.

ஒன்று செய்து பார்த்துச் சொல்லுங்கள். மெதுவாக நீட்டி நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். கதவு கல்லில் இடிப்பது போல டக்கென்று நிற்கிறதா, இல்லை கயிறு இறுகுவது போல இழுத்துக்கொண்டே நிற்கிறதா?

தயவுசெய்து யாரையும் எண்ணெய் போட்டு உருவி விடவோ, பிடித்து வெடுக்கென்று நீட்டவோ விடாதீர்கள். அடிபட்ட முழங்கையை முரட்டுத்தனமாக இழுத்தால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. போன வருடம் ஒரு பையன் அப்படி வந்தான், பதினாறு வயது. உருவி உருவி, கை 90 டிகிரியில் உறைந்துபோயிருந்தது. அவன் முகம் இன்னும் மனசில் நிற்கிறது.

உளிச்சத்தம் (பொள்ளாச்சி)
செவ்வாய், இரவு 8.15

கயிறுதான் தங்கச்சி. முன்பக்கம், முழங்கை மடிப்பில் இழுக்கிறது. பின்னால் இடிக்கவில்லை.

ஆட்டுக்கால் வாங்கி வந்தேன். வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். டீச்சர், அந்த வழுக்கல் இருக்கிறதே, நான் தேக்கில் எத்தனை தரம் உப்புத்தாள் போட்டாலும் வராது. நகத்தால் அழுத்தினால் லேசாக அமுங்கித் திரும்ப எழுகிறது. எலும்பின் மேல் இவ்வளவு மெல்லிசாக இப்படி ஒன்று போர்த்தியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

இரண்டு விஷயம் கவனித்தேன். தசை வந்து பிடிக்கிற இடம் மூட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. கதவைக் கைப்பிடியில் பிடித்துத் தள்ளினால் சுலபம். கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளினால் எவ்வளவு பலம் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். உடம்பு ஏன் கீல் பக்கத்தில் பிடித்து இழுக்கிறது?

இரண்டாவது, என் நல்ல கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையை முன்னால் திருப்பினால் முன்கை நேர்கோட்டில் இல்லை, வெளிப்பக்கம் விலகுகிறது. கீலைச் சாய்த்து அடித்த கதவு மாதிரி. இது எல்லோருக்கும் உண்டா?

இரவுப்பணி (திருச்சி)
புதன், அதிகாலை 2.10

எலும்பு மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். இன்று வார்டு அமைதியாக இருக்கிறது.

அண்ணா, அந்தச் சாய்வு எல்லோருக்கும் உண்டு. கப்பியின் உட்பக்க விளிம்பு வெளிப்பக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும், அதனால் அச்சே கொஞ்சம் சாய்ந்தது. ஆண்களுக்குப் பொதுவாக 5 முதல் 10 டிகிரி, பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். குடத்தையோ வாளியையோ தூக்கிப் போகும்போது அது தொடையில் இடிக்காமல் விலகி நிற்க இது உதவுகிறது என்பார்கள். உள்ளங்கையைப் பின்னால் திருப்பிப் பாருங்கள், சாய்வு மறைந்துவிடும்.

பலம் பற்றிக் கேட்டது அருமையான கேள்வி. பைசெப்ஸ் தசை மூட்டிலிருந்து சுமார் 4, 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் பிடிக்கிறது. உள்ளங்கை இருப்பது 30, 35 சென்டிமீட்டரில். கையில் 5 கிலோ பையை வைத்துக்கொண்டு முழங்கையை 90 டிகிரியில் மடக்கி நின்றால், தசை கிட்டத்தட்ட 35, 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். பலத்தில் நஷ்டம்தான். ஆனால் தசையால் கொஞ்ச தூரம்தான் சுருங்க முடியும். அந்தச் சில சென்டிமீட்டர் சுருக்கத்துக்குக் கை எவ்வளவு தூரம் வீசிப் போகிறது பாருங்கள். சுத்தியலை ஓங்கி அடிக்கிற வேகம் அதனால்தான் வருகிறது. கைப்பிடி பக்கத்தில் தசை பிடித்திருந்தால் நம் முழங்கை தவளைக் கால் போலச் சவ்வு விரித்து நிற்கும், மடக்குவதும் ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும்.

இரட்டைவால் அம்மா (ஈரோடு)
புதன், காலை 10.05

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். இரண்டரை வயதுப் பெண்ணைப் படியில் கையைப் பிடித்துத் தூக்கினேன். கிளிக் என்று சத்தம் வந்தது. அப்புறம் அழுகை, கையை அசைக்கவே இல்லை. டாக்டர் முன்கையைத் திருப்பி மடக்கினார், ஒரு நொடியில் சரியாகி விளையாடப் போய்விட்டாள். "முழங்கை இறங்கிவிட்டது" என்றார். இவ்வளவு இறுக்கமாகக் கவ்வியிருக்கிற கீல் எப்படி இறங்கும்?

வகுப்பறை வாசம் (திண்டுக்கல்)
புதன், காலை 11.30

கண்ணு, இறங்கினது கீல் இல்லை. அப்புறம் சொல்கிறேன் என்ற கதை இதுதான்.

முழங்கைப் பைக்குள் மூன்று மூட்டுகள் இருக்கின்றன. அல்னா கப்பியைக் கவ்வுகிறது, அது கீல். அதன் பக்கத்தில் ரேடியஸ் என்ற இன்னொரு எலும்பு. அதன் தலை, வட்டமான ஒரு பொத்தான். அந்தப் பொத்தான் மேல் எலும்பின் உருண்டை முனையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, பக்கத்தில் அல்னாவையும் தொடுகிறது. அதைச் சுற்றி மோதிரம் போல ஒரு நார் வளையம். சாவி திருகும்போதும் உள்ளங்கையை நீட்டிப் பிரசாதம் வாங்கும்போதும் அந்தப் பொத்தான் வளையத்துக்குள் சுழல்கிறது.

பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீல் கிடையாது, குடுமிதான். கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கிற முளை, நிலையில் இருக்கிற குழியில் சுழலும். ரேடியஸ் தலை அந்தக் குடுமி மாதிரி. ஆக, ஒரே முழங்கையில் கீலும் இருக்கிறது, குடுமியும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வளையம் தளர்வு. கையைப் பிடித்து இழுத்தால் குடுமி கொஞ்சம் உருவிக்கொண்டு வளையம் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஐந்து வயதுக்கு மேல் அநேகமாக வராது. இனி அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

ஆறாவது ஓவர் (சென்னை)
புதன், மாலை 6.45

முழங்கை பற்றி இவ்வளவு பேசிவிட்டு முரளியை விட்டுவிட்டால் எப்படி? முத்தையா முரளிதரனுக்குப் பிறவியிலேயே முழங்கை முழுசாக நீளாது. உளி அண்ணாவின் கை மாதிரிதான். 1995 டிசம்பர் 26, மெல்போர்ன் டெஸ்டில் நடுவர் டாரல் ஹேர் நோ-பால், நோ-பால் என்று கத்தியபோது அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்! அடுத்த வருடம் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் கேமரா வைத்துப் பரிசோதித்தார்கள். பிறகுதான் விட்டார்கள்.

விதி கையை மடக்கிப் போடக்கூடாது என்று சொல்லவில்லை. போடும்போது நீட்டக்கூடாது என்றுதான் சொல்கிறது. கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்து விடுகிற வரை கீல் எத்தனை டிகிரி திறக்கிறது என்பதுதான் கணக்கு. முதலில் சுழலுக்கு 5, மிதவேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 என்று வைத்திருந்தார்கள். 2005இல் எல்லோருக்கும் 15 ஆக்கினார்கள். அதற்குக் கீழே நடப்பதை மைதானத்தில் நின்று வெறும் கண்ணால் பிடிக்க முடியாது.

நடைபழகு (மதுரை)
புதன், இரவு 9.20

உண்மை. ஏற்கெனவே மடங்கியிருக்கிற ஒரு கை தோளிலிருந்து சுழன்றால், பார்க்கிற கோணம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மடங்கியதாகவும் அடுத்த நொடி நேரானதாகவும் தெரியும். கீல் ஒரு டிகிரி கூட அசையாமலே நீண்ட மாதிரி தோன்றும். உளி அண்ணா, நீங்கள் கண்ணாடி முன் நின்று இடது கையைச் சுழற்றினால் உங்களுக்கே தெரியும். 800 விக்கெட் எடுத்த பிறகும் அவர் கையை நீட்டி எறிகிறார் என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் செய்து காட்டுவேன்.

அண்ணா, கயிறு என்றால் நல்ல செய்தி. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மேசை விளிம்பில் மேற்கையை வைத்து முன்கையைத் தொங்கவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெல்லிய, விடாத இழுப்பு. வலி சுரீரென்று வந்தால் குறையுங்கள். இதைத் தொடங்குவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் எக்ஸ்ரே காட்டிக் கேட்டுவிடுங்கள். சாப்பிட, தலை வார, கதவு திறக்க, கை 30 டிகிரியிலிருந்து 130 டிகிரி வரை மடங்கினால் போதும். உங்களுக்கு அது இருக்கிறது. ஆனால் இழைப்புளியைத் தள்ள முழு நீட்டம் வேண்டும், அது எனக்குப் புரிகிறது.

பனைநிழல் (யாழ்ப்பாணம்)
வியாழன், காலை 7.30

வணக்கம் எல்லோருக்கும். கீலை எங்கள் பக்கம் பிணைச்சல் என்போம், பாடசாலையிலும் பிணையல் மூட்டு என்றுதான் படித்தோம். நான் செயற்கைக் கால் செய்கிற வேலையில் பதினெட்டு வருடம். யுத்தத்தில் கால் இழந்தவர்கள் இங்கே நிறையப் பேர். உளி அண்ணையின் இரண்டாவது கேள்வி என்ரை வேலைக்குள் வருகிறது.

முழங்காலுக்கு மேல் கால் போனவருக்கு நாங்கள் முழங்கால் ஒன்றும் சேர்த்துச் செய்ய வேண்டும். சாதாரணப் பிணைச்சல் போல ஒற்றை ஆணி வைத்த முழங்கால் செய்தால் அது மடங்கும், நீளும். ஆனால் நடக்கும்போது, பாரம் ஆணிக்குக் கொஞ்சம் பின்னால் விழுந்த உடனே டப்பென்று மடிந்து ஆளை விழுத்திப்போடும். வயலுக்குள்ளும் மணலுக்குள்ளும் நடக்கிற ஆட்களுக்கு அது சரிவராது.

அதற்குத்தான் நான்கு இணைப்புள்ள முழங்கால். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் இரண்டு சட்டங்கள் இணைக்கும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். நான்கு மூலையிலும் ஒவ்வொரு ஆணி. எந்த ஆணியும் முழங்காலின் அச்சு அல்ல. அச்சு அந்தச் சட்டங்களின் கோடுகள் சந்திக்கிற இடத்தில், வெறுமையில் இருக்கும். மடங்க மடங்க அது இடம் மாறும். நேராக நிற்கும்போது அச்சு மேலேயும் பின்னாலேயும் போய்விடும், ஆகவே பாரம் எப்போதும் முன்னால் விழும், கால் மடியாது. இந்தியாவில் ஜெய்ப்பூர்க் கால் செய்கிற நிலையத்துக்காக ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் எண்ணெய் ஊறிய நைலானில் செய்த ஜெய்ப்பூர் முழங்காலும் இந்த வகைதான். 2009இல் டைம் சஞ்சிகை அதை அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகப் போட்டது.

மனிதனின் சொந்த முழங்காலும் இப்படித்தான். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நார்கள் இருக்கின்றன, சிலுவை நார் என்பார்கள். அவைதான் அந்த இரண்டு சட்டங்கள்.

உளிச்சத்தம் (பொள்ளாச்சி)
வியாழன், இரவு 8.50

பனைநிழல் அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போய் ஒரு ஆட்டோ ஹிஞ்சைக் கழற்றினேன். சமையலறை அலமாரிக் கதவில் உள்பக்கம் மறைவாக மாட்டுகிற கீல். வருடத்துக்கு ஐந்நூறு மாட்டுகிறேன். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே இரண்டு கை, நாலு ஆணி. அப்படியே நீங்கள் சொன்னதுதான்! ஒரு பேப்பரை அடியில் வைத்து, கதவுப் பக்கத்துக் கிண்ணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஒவ்வொரு நிலையிலும் பென்சிலால் கோடு போட்டேன். சாதாரணக் கீல் என்றால் ஒரே மையத்தைச் சுற்றி வட்டம் வரும். இதில் மையம் நகர்ந்துகொண்டே போகிறது. கதவு முதலில் வெளியே தள்ளி வந்து அப்புறம் திரும்புகிறது. அதனால்தான் பக்கத்துக் கதவில் உரசுவதில்லை. இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி, முட்டி அப்படி என்றால் அம்மாவுக்கு ஏன் ஆட்டோ ஹிஞ்ச் மாதிரி ஒன்றை வைப்பதில்லை?

இரவுப்பணி (திருச்சி)
வெள்ளி, அதிகாலை 1.35

முதலில் சாதாரணக் கீலையே வைத்துப் பார்த்தார்கள் அண்ணா. அம்மாவுக்குக் காட்டிய மாதிரி அப்படி இருப்பதற்கே அந்தக் கதைதான் காரணம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1890இல் பெர்லினில் தெமிஸ்டோக்ளஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர் யானைத் தந்தத்தில் கீல் செய்து முழங்காலில் வைத்தார். காசநோயால் மூட்டு அரித்துப்போனவர்கள் அவருடைய நோயாளிகள். கொஞ்ச காலம் வேலை செய்தது, பிறகு சீழ் பிடித்தது. 1951இல் ஸ்வீடனில் வால்டியஸ் அக்ரிலிக்கில் கீல் வைத்தார், பின்னால் அது உலோகமானது. நீங்கள் நினைக்கிற அதே கீல்தான், ஒற்றை ஆணி, மேலே ஒரு தண்டு தொடை எலும்புக்குள், கீழே ஒரு தண்டு கால் எலும்புக்குள். நோயாளி எழுந்து நடந்தார், வலி போயிற்று. சில வருடத்தில் தண்டு எலும்புக்குள் ஆட ஆரம்பித்தது.

காரணம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும். நிலை கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் கீலில் என்ன ஆகும்? திருகாணி கழன்று மரத்தைப் பிய்க்கும். முழங்கால் மடங்குவது மட்டுமில்லை, திருகவும் செய்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, தொடையை அசைக்காமல் பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்பினால் கால் எலும்பு 30 டிகிரிக்கு மேலேயே திரும்பும். நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் திருகுகிறது. ஒற்றை ஆணி அந்தத் திருகலை விடாது. விடாத திருகல் முழுவதும் தண்டும் எலும்பும் சேர்கிற இடத்தில் போய் விழுந்தது.

தொடை எலும்பின் முனை வட்டமே இல்லை. பக்கத்திலிருந்து பார்த்தால் நத்தை ஓடு போல, முன்னால் அகலமான வளைவு, பின்னால் போகப்போகச் சிறிய வளைவு. அதன் நீளம் கீழே இருக்கிற தட்டைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெறுமனே உருண்டால் தட்டின் பின்னால் விழுந்துவிடும். அதனால் உருண்டுகொண்டே வழுக்குகிறது, சேற்றில் சுழலும் வண்டிச் சக்கரம் போல. 1836இலேயே ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள் இதை எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு 100 வருடம் கழித்தும் ஒற்றை ஆணி வைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1960களின் கடைசியில் இங்கிலாந்தில் ஃபிராங்க் கன்ஸ்டன் ஆணியை விட்டுவிட்டார். வளைந்த உலோகம் மேலே, பிளாஸ்டிக் தடம் கீழே, இரண்டையும் பிடித்துவைக்க நோயாளியின் சொந்த நார்கள். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் கூட இருந்தவர்களும் செய்தது இன்றைய மாதிரிக்குத் தாய். அம்மாவுக்குக் காட்டியது அதன் பேத்தி. இணைக்க ஒன்றுமே இல்லை என்று எழுதினீர்கள். அம்மாவின் பக்கவாட்டு நார்கள் இருக்கின்றனவே, அவைதான் கீல். அறுவை மருத்துவர் மெனக்கெடுவது அந்த நார்கள் மடக்கினாலும் நீட்டினாலும் ஒரே இறுக்கத்தில் இருக்கும்படி எலும்பைச் சீவுவதற்குத்தான். உங்கள் வேலைக்கு ரொம்பப் பக்கத்து வேலை.

நார்களே இல்லாதவர்களுக்கு, கட்டிக்காக எலும்பை வெட்டி எடுத்தவர்களுக்கு, இன்றும் கீல் வைத்த முட்டிதான். ஆனால் திருகவும் விடுகிற கீல்.

வகுப்பறை வாசம் (திண்டுக்கல்)
வெள்ளி, காலை 9.00

தம்பி அருமையாக எழுதியிருக்கிறார். ஒரு சின்னச் சோதனை சேர்க்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே முன்னால் துருத்திக்கொண்டிருக்கிற எலும்புப் புடைப்பில் பேனாவால் ஒரு புள்ளி. முழங்கால் சில்லின் நடுவில் இன்னொரு புள்ளி. இப்போது காலை மெதுவாக நேராக நீட்டுங்கள். கடைசி 15, 20 டிகிரியில் கீழ்ப் புள்ளி வெளிப்பக்கம் நகரும். திருகாணியின் கடைசிச் சுற்று போல, முட்டி தன்னைத்தானே திருகிப் பூட்டிக்கொள்கிறது. உட்பக்க முனை வெளிப்பக்கத்தைவிட நீளம் என்பது இதற்கு ஒரு காரணம். அந்தப் பூட்டு இருப்பதால்தான் ரேஷன் வரிசையில் மணிக்கணக்கில் தொடைத்தசைக்கு அதிகம் வேலை வைக்காமல் நிற்கிறோம். பூட்டைத் திறக்க முட்டிக்குப் பின்னால் பாப்லிடியஸ் என்று ஒரு சின்னத் தசை இருக்கிறது.

பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் நிற்பவனின் பின்முட்டியைத் தட்டி விழவைப்பார்கள். பூட்டிவிட்டுத் தசையைத் தளர்த்தி நிற்பவன்தான் விழுவான்.

கணுக்காலும் விரல்களும் கீல்தான். கணுக்காலைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். கணுக்காலில் உட்காருகிற எலும்பு முன்னால் அகலம், பின்னால் குறுகல். குந்தி உட்காரும்போது அகலப் பக்கம் கவ்வியில் இறுகுகிறது. நுனிக்காலில் நின்றால் குறுகல் பக்கம் வந்து ஆட ஆரம்பிக்கும். படி இறங்கும்போது கால் பிசகுவது அதனால்தான்.

ஆறாவது ஓவர் (சென்னை)
வெள்ளி, மதியம் 1.20

தரையில் உட்காருவதால்தான் முட்டி தேய்கிறது என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். என் ஆச்சிக்கு 84. வாழ்நாள் முழுக்கச் சம்மணம்தான், அரிவாள்மனைதான், கையை ஊன்றாமல் எழுந்திருக்கிறாள். நான் ஏற்க மாட்டேன்.

நடைபழகு (மதுரை)
வெள்ளி, இரவு 9.45

ஆச்சிக்கு என் வணக்கம். நல்ல முட்டியைத் தரையில் உட்காருவது கெடுத்துவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது பஞ்சு நீரை உறிஞ்சுகிற மாதிரிதான் அது சாப்பிடுகிறது, அசைந்தால்தான் சாப்பாடு. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த முட்டியை ஆழமாக மடக்கினால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடி வலி அதிகமாகும். அப்படிப்பட்டவரிடம் "தரையில் உட்காராதீர்கள்" என்று சொன்னதை ஊரே தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டது.

உளி அண்ணா, அம்மாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலும் 110, 120 டிகிரி மடங்கும். படி ஏற, நாற்காலியில் எழுந்து உட்கார அது போதும். சம்மணத்துக்கு 130க்கு மேல் வேண்டும். அம்மா தினமும் தரையில் உட்கார்ந்து என்னென்ன செய்வார்கள் என்று இப்போதே எழுதிவையுங்கள்.

உளிச்சத்தம் (பொள்ளாச்சி)
இருபத்துமூன்று நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நேற்றுத் தையல் பிரித்தார்கள். இன்று 85 டிகிரி மடங்குகிறது, நேராக நீட்ட இன்னும் 5 பாக்கி. தலையணையைக் கணுக்காலுக்கு அடியில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள், முட்டிக்கு அடியில் வைக்கவே கூடாதாம். ஏன் என்று அம்மாவுக்கு நானே சொன்னேன். முட்டியை மடக்கியே வைத்தால் பை சுருங்கி அப்படியே நின்றுவிடும், என் கையைப் பார் என்று காட்டினேன்.

பட்டியல் எழுதினோம். பூ கட்டுவது, அரிசி புடைப்பது, சாமி படத்துக்கு முன்னால் உட்காருவது, வாசலில் கோலம். கோலத்துக்கு அம்மா குனிந்துதான் போடுவார், உட்காருவதில்லை, அதனால் தப்பியது. மற்றதுக்காக 19 அங்குல உயரத்தில் தேக்கில் ஒரு முக்காலி செய்திருக்கிறேன், அகலமான பலகை, இரண்டு பக்கமும் பிடித்து எழக் கைப்பிடி. சாமி அலமாரியைச் சுவரில் இரண்டடி மேலே ஏற்றிவிட்டேன்.

கைப்பிடியை இழைக்கும்போது இடது கையை எதுவரை நீட்ட முடிகிறது என்று பார்த்தேன். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் மேசை விளிம்புப் பயிற்சி செய்கிறேன், காலையும் இரவும். இன்று கோணமானி 17 காட்டுகிறது.

நடைபழகு (மதுரை)
ஞாயிறு, இரவு 8.10

மூன்றரை வாரத்தில் 7 டிகிரி! நிறுத்திவிடாதீர்கள் அண்ணா, ஒரு வருடம் வரைக்கும் கூடிக்கொண்டு வரும். முக்காலியின் அளவு முழுவதையும் இங்கே போடுங்கள், என்னிடம் வருகிற நாலைந்து அம்மாக்களுக்கு உடனே தேவைப்படுகிறது.